சேற்று ஆற்றில் தொடங்கிய ஹைட்ரஜன் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரமில்லாத நேரத்தில் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் வேதியியல் படித்தவர்களுக்கு ஹைட்ரஜன் என்றதும் நினைவுக்கு வருவது அந்த ‘பாப்’ சத்தம்தான். சோதனைக் குழாயில் துத்தநாகத் துண்டு, அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், குழாயின் வாயருகே எரியும் தீக்குச்சி. கடைசி பெஞ்சுக்காரர்களும் முன்னால் ஓடிவந்து நின்ற நாள் அது. அதே வாயுவை, அமிலமும் உலோகத் துண்டும் இல்லாமல், குளத்துச் சேற்றிலும் மாட்டின் வயிற்றிலும் நம் குடலிலும் பாக்டீரியாக்கள் சத்தமில்லாமல் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி அன்றைய பாடத்தில் இல்லை. அதனால் இன்று சொல்கிறேன்.

சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. “சாக்கடைத் தண்ணீரிலிருந்து இலவச ஹைட்ரஜன், இனி பெட்ரோலே வேண்டாம்” என்ற மாதிரி காணொளிகள் நம் குழுக்களில் அடிக்கடி வருகின்றன. “இது உண்மையா சார்?” என்று கேட்கிறீர்கள். ஒரு சொல்லில் பதில் சொன்னால் அது அரைப் பதிலாகத்தான் இருக்கும். இதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனை வெளியிடும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். எப்படி வெளியிடுகின்றன என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதைக் கண்டறிந்தவர் மார்ஜரி ஸ்டீபன்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1885இல் பிறந்தவர். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார், பணம் இல்லை. சில ஆண்டுகள் மனையியல் ஆசிரியையாக வேலை பார்த்தார். முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, பிரான்சில் மருத்துவமனைச் சமையற்கூடங்களை நடத்தினார். போர் முடிந்த பிறகுதான் கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ் என்ற பெரிய உயிர்வேதியியலாளரின் துறைக்கு வந்து பாக்டீரியா ஆராய்ச்சியில் இறங்கினார். அப்போது அவருக்கு 30 வயது தாண்டிவிட்டது.

அந்தப் பகுதியில் ஊஸ் என்று ஓர் ஆறு. பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையின் கழிவு அதில் கலந்து, ஆறே நொதித்துக்கொண்டிருந்தது. நம் ஊரில் கரும்பாலைக் கழிவு கலந்த வாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியும் வாடையும் புரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு போகவேண்டிய இடத்திலிருந்து ஸ்டீபன்சன் சேற்றை எடுத்துவந்து பாக்டீரியாக்களை வளர்த்தார். லெனார்ட் ஸ்டிக்லண்ட் என்பவரோடு சேர்ந்து, 1931இல், ஹைட்ரஜனைக் கையாளும் நொதி ஒன்று பாக்டீரியாவுக்குள் இருப்பதை நிரூபித்தார். சோதனை எளிமையானது. மெத்திலீன் நீலம் என்ற சாயத்தையும் பாக்டீரியாவையும் ஹைட்ரஜன் வாயுவில் வைத்தார்கள். நீலம் வெளுத்துப்போனது. பாக்டீரியா ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துச் சாயத்துக்குக் கொடுக்கிறது என்பது அதன் பொருள். அந்த நொதிக்கு ‘ஹைட்ரஜனேஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

1945இல் லண்டன் ராயல் சொசைட்டி முதன்முறையாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றுக்கொண்டபோது, தேர்வான இருவரில் ஒருவர் ஸ்டீபன்சன். இத்தனைக்கும் அவர் வேலை பார்த்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1948இல்தான். அந்த ஆண்டின் இறுதியில் அவர் காலமானார்.

சரி, பாக்டீரியா ஏன் ஹைட்ரஜனை உண்டாக்குகிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை முடிந்தது. உணவை உடைத்துச் சக்தி எடுக்கும் எந்த உயிருக்கும் கடைசியில் எலக்ட்ரான்கள் மிஞ்சும். அவற்றை யாரிடமாவது தள்ளிவிட வேண்டும். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறோம். காற்றே இல்லாத சேற்றில் இருக்கும் பாக்டீரியா என்ன செய்யும்? சுற்றியுள்ள நீரில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளின் தலையில் கட்டிவிடுகிறது. அயனியும் எலக்ட்ரானும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு ஆகிறது. நமக்கு எரிபொருள், அதற்குக் குப்பை. நமக்காக அது ஒரு குமிழிகூட விடுவதில்லை. இந்தத் துறையில் வந்த சங்கடங்கள் எல்லாமே இந்த இடத்திலிருந்து கிளம்பியவைதான்.

முதல் சங்கடம் ஆக்சிஜன். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன ஹான்ஸ் காஃப்ரான், சிகாகோவில் பச்சைப் பாசிகளை ஆராய்ந்தார். பாசியைக் காற்றில்லாமல் இருட்டில் வைத்திருந்து, பிறகு வெளிச்சம் காட்டினால் அது ஹைட்ரஜன் வெளியிடுகிறது என்று 1942இல் ரூபின் என்பவரோடு சேர்ந்து வெளியிட்டார். சூரிய ஒளி, தண்ணீர், பாசி இந்த மூன்றும் இருந்தால் எரிபொருள்! கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் வெளிச்சம் பட்டதும் பாசி ஒளிச்சேர்க்கையைத் தொடங்கும், ஆக்சிஜன் வரும், அந்த ஆக்சிஜனே ஹைட்ரஜனேஸ் நொதியை முடக்கிவிடும். சில நிமிடங்களில் ஆட்டம் முடிந்தது.

இந்த முட்டுக்கட்டை ஏறக்குறைய 60 ஆண்டுகள் அப்படியே நின்றது. 2000இல் கலிஃபோர்னியாவில் அனஸ்தாசியோஸ் மெலிஸும் அவருடைய குழுவினரும் ஒரு வழி கண்டார்கள். பாசிக்குக் கந்தகம் கொடுக்காமல் பட்டினி போட்டார்கள். கந்தகம் இல்லாவிட்டால் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை உண்டாக்கும் பகுதி பழுதானால் அதைச் சரிசெய்ய முடியாது. ஆக்சிஜன் குறையும். மிஞ்சியதைப் பாசி தானே சுவாசித்துத் தீர்த்துவிடும். அதன்பின் நிமிடக் கணக்கில் வந்த ஹைட்ரஜன் நாள் கணக்கில் வந்தது. ஆனாலும் பட்டினி கிடக்கும் பாசி எத்தனை நாள் தாங்கும்? சில நாள்களில் சோர்ந்துவிடும், மறுபடி கந்தகம் கொடுத்துத் தேற்ற வேண்டும்.

1949இல் வேறொரு பாதை திறந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹோவர்ட் கெஸ்ட், மார்ட்டின் கேமன் இருவரும் ஊதா நிற பாக்டீரியா ஒன்றை வளர்த்தபோது, வெளிச்சத்தில் அது ஹைட்ரஜன் விடுவதைக் கண்டார்கள். கரிமம்-14ஐக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர்தான் இந்தக் கேமன். நைட்ரஜன் வாயுவை உள்ளே விட்டால் ஹைட்ரஜன் வருவது நின்றுபோனது. அந்த பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தக்கூடியது என்பதும், அதற்கான நொதியே நைட்ரஜன் கிடைக்காதபோது ஹைட்ரஜனை உண்டாக்குகிறது என்பதும் இந்தத் தடத்தில் தெரியவந்தன. நைட்ரஜன் கிடைக்கும்போதும் அந்த நொதி வேலைக்கு நடுவே கொஞ்சம் ஹைட்ரஜனைச் சிந்தத்தான் செய்யும். நம் கடலைக் காட்டில் செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சுமுடிச்சாக இருக்குமே, அந்த முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியாவிலும் இதே வகை நொதிதான். விவசாயம் பார்க்கும் என் மாணவர்கள் இதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இரண்டாவது சங்கடம் பக்கத்து வீட்டுக்காரர். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாராயத்தைத் தின்று மீத்தேன் விடும் பாக்டீரியா ஒன்றை 1940 வாக்கில் பிரித்தெடுத்து, ஒரே உயிரி என்று நினைத்து ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். 1967இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்வின் பிரையன்டும் கூட்டாளிகளும் அதை நுணுக்கமாக ஆராய்ந்து, அது ஒன்றல்ல, இரண்டு என்று காட்டினார்கள். ஒன்று சாராயத்தைத் தின்று ஹைட்ரஜன் விடுகிறது. மற்றது அந்த ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு மீத்தேன் ஆக்குகிறது. ஹைட்ரஜன் சேர்ந்துபோனால் முதலாவதற்கு வாழ்க்கை ஓடாது. ஹைட்ரஜன் கிடைக்காவிட்டால் இரண்டாவதற்குச் சாப்பாடு இல்லை. இத்தனை வருஷமாக ஒட்டிக்கொண்டே வாழ்ந்ததால் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

சாண எரிவாயுக் கலனுக்குள் நடப்பதும் இந்தக் கதைதான். அங்கே ஹைட்ரஜன் ஓயாமல் உண்டாகிறது. குழாய் வழியாக அடுப்புக்கு வருவதற்குள், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடுகின்றன. ஹைட்ரஜன்தான் வேண்டும் என்றால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை வெளியேற்ற வேண்டும். ஆய்வகத்தில் சேற்றைச் சூடாக்கிப் பயன்படுத்துவது இதற்காகத்தான். ஹைட்ரஜன் விடும் சில பாக்டீரியாக்கள் வித்தாக மாறிச் சூட்டைத் தாங்கும், மீத்தேன்காரர்கள் தாங்க மாட்டார்கள். ஆனால் திறந்த கழிவுநீர் வந்துகொண்டே இருக்கும் தொட்டியில், வெளியேற்றியவர் சில வாரங்களில் திரும்பி வந்துவிடுவார்.

மூன்றாவது சங்கடம் கணக்கு. ஒரு மூலக்கூறு குளுக்கோஸை நீருடன் சேர்த்து முழுமையாக உடைத்தால் 12 மூலக்கூறு ஹைட்ரஜன் கிடைக்க வேண்டும். ஆனால் இருட்டில் நொதிக்கும் பாக்டீரியாவால் அதிகபட்சம் 4தான் தர முடியும். மீதி அசிட்டிக் அமிலம் போன்றவற்றில் மாட்டிக்கொள்ளும். அதை மேலும் உடைப்பதால் பாக்டீரியாவுக்கு லாபம் இல்லை. 1977இல் ருடால்ஃப் தவர் முதலானவர்கள் இந்தச் சக்திக் கணக்கைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். நடைமுறையில் 4 வருவதே அரிது, 2 வந்தால் நல்ல விளைச்சல்.

இதைக் கிராமில் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ குளுக்கோஸுக்கு, உச்ச அளவான 4 கிடைத்தாலும், வருவது 45 கிராம் ஹைட்ரஜன். அதிலுள்ள சக்தி சுமார் 170 மில்லி பெட்ரோலுக்குச் சமம். அதே 1 கிலோவைச் சாராயம் ஆக்கினால் கணக்குப்படி இரண்டரை மடங்கு சக்தி கிடைக்கும். சர்க்கரை ஆலைகள் எத்தனால் பக்கம் போவதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

இந்தக் கணக்கை நான் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், சில மாதங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தாரிடம், வீட்டுக் கழிவுநீரிலிருந்தே சமையலுக்கு ஹைட்ரஜன் எடுக்கலாம், சிலிண்டரே வேண்டாம் என்று சொல்லி ஒருவர் பெரிய தொகையை முன்பணமாகக் கேட்டிருக்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அது. கொடுப்பதற்கு முன் என்னிடம் கேட்டார்கள். ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டரில் கரிமப் பொருள் ஏறக்குறைய அரை கிராம். 1000 லிட்டர் தொட்டிக்கு அரைக் கிலோ. அது முழுவதும் குளுக்கோஸாகவே இருந்து, உச்ச அளவும் கிடைத்தாலும் 22 கிராம் ஹைட்ரஜன். 14.2 கிலோ சமையல் சிலிண்டர் ஒன்றின் வெப்பம் வேண்டுமென்றால் அப்படிப்பட்ட தொட்டி ஏறத்தாழ 240 வேண்டும். நாளைக்கு 400 லிட்டர் கழிவுநீர் வெளியேற்றும் வீட்டில் ஒரு சிலிண்டர் சேர ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். அவர்கள் பணம் கொடுக்கவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்குதான், வேறொன்றும் இல்லை.

இதை வைத்து இந்த ஆராய்ச்சியே வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இன்று உலகத்தில் பயன்படும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்து வருகிறது. இயற்கை எரிவாயுவிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஏறக்குறைய 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. வயலுக்குப் போடும் யூரியாவுக்கும் இந்த ஹைட்ரஜன்தான் அடிப்படை. வேறு வழி தேடத்தான் வேண்டும்.

தேடியவர்கள் முதலில் நொதியின் உள்ளே பார்த்தார்கள். 1995இல் நிக்கலும் இரும்பும் கொண்ட ஹைட்ரஜனேஸின் முப்பரிமாண அமைப்பு வெளியானது. 1998இல் இரும்பு மட்டும் கொண்ட வகையின் அமைப்பு வந்தது. மையத்தில் உலோக அணுக்கள், அவற்றைப் பிடித்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடும் சயனைடும்! நமக்கு நஞ்சான இரண்டை வைத்துத்தான் பாக்டீரியா இந்தக் கருவியைக் கட்டியிருக்கிறது. இரும்பு வகை நொதி ஒன்று, ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான ஹைட்ரஜன் மூலக்கூறுகளைத் தயாரிக்கும். விலை உயர்ந்த பிளாட்டினம் செய்யும் வேலையைச் சாதாரண இரும்பு செய்கிறது. ஆக்சிஜன் பட்டால் மட்டும் கெட்டுப்போகும்.

அடுத்து மரபணுவில் கை வைத்தார்கள். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் ஹைட்ரஜனை உண்டாக்கும் நொதியும் உண்டு, உண்டானதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நொதிகளும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் தாமஸ் வுட் குழுவினர், திரும்ப எடுக்கும் நொதிகளின் மரபணுக்களை நீக்கி, உற்பத்திக்குத் தடைபோடும் மரபணுவையும் நீக்கி, தூண்டிவிடும் மரபணுவைக் கூட்டினார்கள். ஃபார்மிக் அமிலத்தின் உப்பைக் கொடுத்தபோது ஹைட்ரஜன் 100 மடங்குக்கும் மேல் கூடியதாக 2008இல் எழுதினார்கள். தவர் போட்ட எல்லைக்கோட்டை மரபணு மாற்றம் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஓட்டையை அடைக்கலாம், குடத்தைப் பெரிதாக்க முடியாது.

குடத்தைப் பெரிதாக்கும் வழி உயிரிப்படலம் பக்கத்திலிருந்து வந்தது. உயிரிப்படலம் என்றதும் பயப்பட வேண்டாம். குளத்துப் படிக்கட்டில் வழுக்குமே அந்தப் பிசுக்கு, காலையில் பல் துலக்குமுன் பல்லில் தட்டுப்படுமே அந்தப் படிவு, அதுதான். பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசைக்குள் குடியிருக்கும் ஊர். 1683இல் லேவன்ஹூக் தன் பல் படிவை நுண்ணோக்கியில் வைத்து அதில் நெளியும் உயிர்களைப் பற்றி எழுதினார். இயற்கையில் பாக்டீரியாவின் வழக்கமான வாழ்க்கை இப்படி ஒட்டி வாழ்வதுதான் என்று 1978 வாக்கில் காஸ்டர்டன் போன்றவர்கள் அழுத்திச் சொன்ன பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது.

சில பாக்டீரியாக்கள் கரி மின்முனைமேல் இப்படி ஊர் கட்டிக்கொண்டு, மிஞ்சிய எலக்ட்ரான்களை நேராக அந்த மின்முனைக்கே கொடுத்துவிடும். நொதித்தலில் மாட்டிக்கொண்ட அசிட்டிக் அமிலத்தையும் இவை உடைக்கும். கூடவே வெளியிலிருந்து சிறு மின்னழுத்தம் கொடுத்தால், எதிர் முனையில் ஹைட்ரஜன் வரும். 2005இல் பென்சில்வேனியாவில் புரூஸ் லோகன் குழுவும் நெதர்லாந்தில் இன்னொரு குழுவும் இதைக் காட்டின. தண்ணீரை மின்னாற்பகுக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் வேண்டும். இங்கே கால் வோல்ட் அளவிலேயே ஹைட்ரஜன் வரத் தொடங்கியது. மீதி சக்தியைக் கழிவே கொடுக்கிறது.

பிறகு கலிஃபோர்னியாவில் ஒரு திராட்சை மது ஆலையின் கழிவுநீரில் 1000 லிட்டர் கொள்ளளவில் இதைச் செய்து பார்த்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. வந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன்! நம் பழைய பக்கத்து வீட்டுக்காரர் அங்கேயும் வந்துவிட்டார். அந்த முடிவை மறைக்காமல் அப்படியே எழுதினார்களே, அதற்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஆக்சிஜன் சங்கடத்துக்கும் கூட்டு வாழ்க்கையில் ஒரு விடை இருக்கிறது. 2020இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலும் சீனாவின் ஹார்பினும் சேர்ந்த குழு, ஆயிரக்கணக்கான பாசி செல்களைச் சிறு துளிகளுக்குள் நெருக்கி அடைத்தது. வெளி ஓரத்தில் இருப்பவை ஒளிச்சேர்க்கை செய்ய, உள்ளே ஆக்சிஜன் குறைந்து, நடுவில் இருப்பவை ஹைட்ரஜன் விட்டன. அதுவும் திறந்த காற்றில். துளிகளின்மேல் பாக்டீரியாவை மெல்லிய படலமாகப் பூசியபோது விளைச்சல் இன்னும் கூடியது. ஒற்றை உயிரிக்குச் சாத்தியப்படாததைக் கூட்டம் செய்கிறது. அளவு இன்னும் ஆய்வக அளவுதான்.

ஆக, கழிவிலிருந்து பாக்டீரியா ஹைட்ரஜன் தரும் என்பது உண்மை. இலவசமாக, வீட்டளவில், இன்றே தரும் என்பது பொய். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு உணவு கொடுத்து எத்தனை கிராம் ஹைட்ரஜன் எடுத்தார்கள்? வந்த வாயுவில் ஹைட்ரஜன் எவ்வளவு, மீத்தேன் எவ்வளவு? எத்தனை நாள் தொடர்ந்து ஓடியது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் பணப்பையை மூடி வையுங்கள்.

என் மாணவர்களில் சிலர் ஆராய்ச்சியில் இருக்கிறீர்கள். “பத்து வருஷமாக ஒரே நொதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் என்ன பயன் என்று கேட்கிறார்கள்” என்று எழுதியவர்களும் உண்டு. ஸ்டீபன்சன் அந்த ஆற்றுச் சேற்றைக் கையில் எடுத்தபோது எரிபொருள் அவர் கணக்கிலேயே இல்லை. சேற்றில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினார், அவ்வளவுதான். அவர் பெயர் வைத்த நொதியைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை எல்லாரும் நடக்கிறார்கள். வீட்டில் கேட்டால் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

கேள்விகளைக் கீழே எழுதுங்கள், நேரம் எடுத்தாவது பதில் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினால் இன்னும் மகிழ்ச்சி.